நாம் உருவி எறியும் கருப்பு நூல்

வேளாங்கண்ணி திருவிழா நேரத்துல கடற்கரைக்குப் போற வழியில நடந்திருக்கீங்களா? ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் ஆரம்பித்து செப்டம்பர் 8 வரைக்கும் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ரெண்டு பக்கமும் மீன் வறுவல் கடை. கடைக்குப் பின்னால ஒரு அக்கா உட்கார்ந்து இறால் உரிச்சுக்கிட்டு இருப்பாங்க. தலையைக் கிள்ளி, ஓட்டை உரிச்சு, முதுகுல கத்தியால ஒரு கீறல். உள்ளேருந்து கருப்பா ஒரு நூலை உருவி ஓரமா எறிவாங்க. எங்க வீட்டுல அம்மாவும் அப்படித்தான். ஏன்னு கேட்டா, "அது நரம்புடி, எடுக்கலன்னா வயித்துக்கு ஆகாது" என்பார்.

அது நரம்பு இல்லை. இறாலோட நரம்பு வடம் வயிற்றுப் பக்கமா ஓடுது. முதுகில் ஓடுவது அதன் குடல். கருப்பா தெரிவது அது கடைசியா தின்ன தீவனமும், குட்டையின் அடியில் மேய்ந்த சேறும்தான்.

சமையலறையில் குப்பைக்குப் போற அந்த நூலை எங்க சித்தப்பா தினமும் காலையில கும்பிடாத குறையா பார்ப்பார். வெள்ளையாற்றுக்குத் தெற்கே, லீஸுக்கு எடுத்த மூணு குட்டையில வனாமி இறால் வளர்க்கிறார். செக் ட்ரேயைத் தூக்கி, ரெண்டு இறாலைக் கையில எடுத்து, சூரியனுக்கு நேரா பிடிப்பார். நூல் முழுசா, கருப்பா, அறுபடாம இருந்தா முகம் தெளியும். நடுவுல விட்டு விட்டு இருந்தா புருவம் சுருங்கும். வெள்ளையா இருந்தா அன்னிக்கு வீட்டுல யாரும் அவர்கிட்ட பேச மாட்டோம்.

இந்தக் கட்டுரை அந்த நூலைப் பத்தினது. நான் படிக்கிறது இ.சி.இ. எனக்கும் இறால் குடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அதுக்கு என் மானம் போன கதையைச் சொல்லணும்.

ஒரு ஹேக்கத்தானும் ஒரு கேள்வியும்

போன வருஷம் நாங்க நாலு பேர் சேர்ந்து 'ஸ்மார்ட் குட்டை'ன்னு ஒரு ப்ராஜெக்ட் பண்ணினோம். கரைந்த ஆக்சிஜன், பி.ஹெச்., வெப்பநிலை மூணுக்கும் சென்சார். ஒரு மைக்ரோ கன்ட்ரோலர். அளவு குறைஞ்சா மொபைலுக்கு மெசேஜ். நம்ம காலேஜ்லயே இந்த மாதிரி குறைஞ்சது அஞ்சு ப்ராஜெக்ட் நீங்க பார்த்திருப்பீங்க. எங்களுக்குப் பரிசும் கிடைச்சது. பெருமையா சித்தப்பா குட்டையிலேயே டெமோ காட்டலாம்னு எடுத்துட்டுப் போனேன்.

அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். கடைசியில சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா ஆக்சிஜன் கொறஞ்சா இறால் மேல வந்து முட்டும், எனக்கே தெரியும். ஏரேட்டர் நின்னா தூக்கத்துலயே முழிச்சுக்குவேன். அது குடலுக்குள்ள என்ன நடக்குதுன்னு உன் மெஷின் சொல்லுமா?"

சொல்லாது. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அவர் ஏன் அதைக் கேட்டார்னு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின பட்டத்துல, விட்டு அறுபத்தெட்டாவது நாள், காத்து அடிக்கிற மூலையில வெள்ளை வெள்ளையா நூல் மிதந்தது. வெள்ளைக் கழிச்சல். தீவனம் எடுக்கிறது குறைஞ்சது. ஒரே குட்டையில விரல் அளவு இறாலும் இருந்தது, விரல் நுனி அளவு இறாலும் இருந்தது. கடையில போய்க் கேட்டப்ப ஒருத்தர் பேர் ஒட்டாத டப்பா ஒண்ணைக் கொடுத்தார். தீவனத்துல கலந்து போடச் சொன்னார். சித்தப்பா போட்டார். மூணு நாள் தேவலாம்னு தெரிஞ்சது. நாலாவது நாள் நூல் திரும்ப மிதந்தது. கிலோவுக்கு 110 எண்ணிக்கை இருக்கும்போதே அவசரமா பிடிச்சு, கேட்ட விலைக்குக் கொடுத்தார். அப்புறம்தான் டெஸ்ட் பண்ணதுல தெரிஞ்சது, அது இ.ஹெச்.பி.

இதை எழுதலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். "எழுது. ஊர் பேரைப் போடாத" என்றார்.

கொல்வதே வைத்தியமா?

இ.ஹெச்.பி. என்பது பாக்டீரியா இல்லை, வைரஸும் இல்லை. பூஞ்சை இனத்துக்குச் சொந்தமான, மைக்ரோஸ்போரிடியா என்ற வகை ஒட்டுண்ணி. தாய்லாந்து ஆய்வாளர்கள் 2009-ல் அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். இறாலின் தலைக்குள் கல்லீரல் வேலையையும் கணைய வேலையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு உறுப்பு இருக்கு. பண்ணைக்காரங்க அதை ஹெச்.பி. என்பார்கள். அந்த உறுப்பின் செல்லுக்குள் நுழைந்து, இறாலுக்குப் போக வேண்டிய சத்தை இது தின்னுடும். இறால் உடனே சாகாது, வளராது. தீவனச் செலவு மட்டும் வளரும். இதைக் குணப்படுத்த நம்பகமான மருந்து இன்னும் கிடையாது.

இப்ப யோசிங்க. அந்தப் பேரில்லாத டப்பாவுக்குள்ள இருந்தது ஆன்டிபயாடிக்காத்தான் இருக்கணும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், இ.ஹெச்.பி.யை ஒண்ணும் பண்ணாது. 1994-லிருந்து நம்ம கடற்கரையை ஆட்டிப் படைத்த வெண்புள்ளி நோய் வைரஸ், அதையும் ஒண்ணும் பண்ணாது. அப்படின்னா அந்த மருந்து யாரைக் கொன்றது? குடலில் இருந்த பாக்டீரியாக்களை. கெட்டது, நல்லது ரெண்டையும்.

'நல்லது' என்று சொல்வது விளம்பர வாசகம் இல்லை. நன்னீர் மீன்களில் இருந்து ஒரு உதாரணம். கெண்டை, திலேப்பியா குடலில் வாழும் செட்டோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் அந்த மீனுக்கு வைட்டமின் பி12 தயாரித்துக் கொடுக்கிறது. அது போனால் அந்தச் சத்தை வெளியிலிருந்து கொடுக்கணும்.

இன்னொன்று. 2004-ல் அமெரிக்காவில் ஜான் ரால்ஸ் குழுவினர் ஜீப்ரா மீன் முட்டைகளைக் கிருமியே இல்லாமல் பொரிக்க வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி இல்லாத மீன் ஆரோக்கியமாத்தானே இருக்கணும்? இல்லை. குடலின் உட்சுவரில் செல்கள் புதுப்பிக்கும் வேகம் குறைந்தது. சத்தைக் கையாளும் ஜீன்களும் நோய் எதிர்ப்பு ஜீன்களும் சாதாரண மீனில் இயங்குவது போல இயங்கவில்லை. அதாவது அந்தக் கூட்டம் குடலில் சும்மா குடியிருக்கவில்லை, குடலை வேலை செய்ய வைப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இறாலில் நடந்த ஆய்வுகளிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. நோய் வந்த இறாலின் குடலில் நுண்ணுயிர் வகைகள் குறைந்து, விப்ரியோ என்ற ஒரு கூட்டம் மட்டும் ஓங்கி நிற்கும். இதுல நாம ஜாக்கிரதையா இருக்கணும். கூட்டம் கலைஞ்சதால நோய் வந்ததா, நோய் வந்ததால கூட்டம் கலைஞ்சதா என்று அந்தப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணா நடந்தா ஒண்ணு மத்ததுக்குக் காரணம்னு எழுதக் கூடாதுன்னு நமக்கு ப்ராபபிலிட்டி க்ளாஸ்லயே சொல்லிட்டாங்க. ஆனால் ஆய்வகத் தொட்டியில் இ.ஹெச்.பி.யும் விப்ரியோவும் சேர்ந்தபோது வெள்ளைக் கழிச்சல் வந்ததைச் சோதனையிலேயே காட்டியிருக்கிறார்கள். அதனால 'குடல்ல யார் இருக்காங்க' என்பது வீண் கேள்வி இல்லை.

ஏன் இறாலுக்கு இது கூடுதல் முக்கியம்?

நார்வேயில் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். 1987-ல் அந்த நாட்டு மீன் பண்ணைகள் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் போட்டன. இன்றைக்கு உற்பத்தி பல மடங்கு கூடியிருக்கு, மருந்து வருஷத்துக்கு ஒரு டன்னுக்கும் கீழே. முக்கியமான காரணம் தடுப்பூசி. மீனுக்கு நம்மைப் போலவே ஆன்டிபாடி உண்டு, ஒரு தடவை பார்த்த கிருமியை ஞாபகம் வெச்சுக்கும்.

இறாலுக்கு ஆன்டிபாடி கிடையாது. அதனால நார்வே போன பாதை நமக்கு அப்படியே திறந்திருக்கவில்லை. இறாலுக்கு இருக்கிற காவல் அதன் ஓடு, பிறவியிலேயே வந்த எதிர்ப்பு, குடலில் முன்னாடியே இடம் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற நுண்ணுயிர்க் கூட்டம். இந்த மூணாவது காவலைத்தான் நாம மருந்து போட்டுக் கலைக்கிறோம்.

கலைச்சா என்ன ஆகும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வயலை உழுது, ஒண்ணும் நடாம, தண்ணி மட்டும் விட்டு வையுங்க. முதல்ல என்ன முளைக்கும்? நெல்லா? கோரைதான். காலி இடத்தைப் பிடிக்கிறதுல வேகமா வளர்றவன்தான் ஜெயிப்பான். விப்ரியோ அப்படிப்பட்டது. விப்ரியோ இனத்தில் சில, சாதகமான சூழலில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும். ஏட்டுக் கணக்குக்கு, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல 4096. குளோரின் போட்டுக் குட்டைத் தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டு உடனே குஞ்சு விட்டா, அந்தக் காலித் தண்ணியில யார் முதல்ல குடியேறுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் ஓலாவ் வாட்ஸ்டைன் போன்றவர்கள் பல வருஷமா இதைத்தான் சொல்றாங்க. கடல் மீன் குஞ்சுகளுக்கு, கிருமி நீக்கிய தண்ணியை அப்படியே கொடுக்காம, மெதுவா வளரும் நுண்ணுயிர்கள் முதலில் நிலைபெற நேரம் கொடுத்து 'பழக்கிய' தண்ணியைக் கொடுத்தால் குஞ்சுகள் நல்லா தேறுது.

சுத்தம் வேண்டாம்னு நான் சொல்லல. இ.ஹெச்.பி. வந்த குட்டையைக் காயவிட்டு, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது ஈரமாக்கி, பி.ஹெச்.சை 12-க்கு ஏத்தணும்னு பரிந்துரை இருக்கு. அதன் ஸ்போர் அவ்வளவு கெட்டியானது. ஆனா கொன்ன பிறகு யாரைக் குடியமர்த்தப் போறோம் என்ற ரெண்டாவது பாதி வேலையை நாம செய்வதில்லை. என் வாதமே இதுதான்: குட்டையில் கொல்வது பாதி வேலை, வளர்ப்பது மீதி வேலை.

பாக்கெட்டும் பதில் இல்லை

"அதான் ப்ரோபயாடிக் இருக்கே"ன்னு நீங்க சொல்வீங்க. இருக்கு. கடைக்குக் கடை அடுக்கி வெச்சிருக்காங்க. பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைகெனிஃபார்மிஸ் போன்ற பாக்டீரியாக்கள் விப்ரியோவோட இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போடும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1990-களிலேயே இந்தோனேசியாவில் டேவிட் மோரியார்ட்டி பேசில்லஸ் போட்ட குட்டைகளில் ஒளிரும் விப்ரியோ கட்டுக்குள் இருந்ததைப் பதிவு செய்தார்.

ஆனா சித்தப்பா வாங்குற பாக்கெட்டுக்குள்ள எத்தனை உயிரோட இருக்கு? வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ கிடந்த பிறகும் இருக்கா? குடலுக்குப் போய்ச் சேர்ந்ததா, தண்ணியோட போச்சா? யாரும் அளக்கிறதில்ல. 'ஆன்டிபயாடிக் இல்லை' என்ற சான்று சில பாக்கெட்டில் இருக்கும். அது சொல்றது தடை செய்த மருந்து இல்லை என்பதை மட்டும்தான், வேலை செய்யும் என்பதை இல்லை. அளக்காம மருந்து போட்டவர் இப்ப அளக்காம ப்ரோபயாடிக் போடுறார். செலவு மாறலை, குருட்டுத்தனமும் மாறலை.

சித்தப்பாவும் பக்கத்துப் பண்ணைக்காரங்களும் பாக்கெட்டோட இன்னொண்ணும் பண்றாங்க. தவிடு, வெல்லம், ஈஸ்ட் மூணையும் தண்ணியில ஊறவெச்சு, புளிக்க வெச்சு, குட்டையில ஊத்துறாங்க. தவிட்டுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? இதுக்குப் பின்னால அறிவியல் இருக்கு. கார்பன் கூடினா அதைத் தின்கிற பாக்டீரியா பெருகும், பெருகும்போது தண்ணியில இருக்கிற அம்மோனியாவை இழுத்துக்கும். இஸ்ரேலின் யோரம் அவ்னிமெலெக் 1990-களில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், பயோஃப்ளாக் என்று இப்ப எல்லாரும் பேசுறது அதன் தொடர்ச்சிதான். ஆனால் அந்த பாக்டீரியாவும் மூச்சு விடும். அளவு தெரியாம ஊத்தினா ராத்திரி ஆக்சிஜன் விழும். இங்கேயும் கேள்வி அதேதான்: எவ்வளவு, எப்போ? அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு குட்டையின் கதை இல்லை

இறால் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போடும், தெரியும். வயிற்றின் உட்பக்கத் தோலும் குடலின் கடைசிப் பகுதியின் உட்பக்கத் தோலும் கூட அப்போ கழன்றுடும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அதுல ஒட்டியிருந்த நுண்ணுயிரும் சேர்ந்து போகும். அந்த இடத்துக்குப் புதுசா வர்றது எங்கிருந்து? தீவனத்திலிருந்தும், சுத்தி இருக்கிற தண்ணியிலிருந்தும்தான். அதனால இறாலின் குடல் ஓரளவுக்குக் குட்டைத் தண்ணியின் நகல்.

அந்தத் தண்ணி எங்கிருந்து வருது? வாய்க்காலிலிருந்து. சித்தப்பா குட்டைக்கு மேல ஏழெட்டு பேர் குட்டை. அவங்க வெளியே விடுற தண்ணியும் இவர் உள்ளே இழுக்கிற தண்ணியும் ஒரே வாய்க்கால்தான். ஒருத்தர் கழிவைத் திறந்தா இன்னொருத்தர் குடலுக்குள்ள அது போகும். 5 ஹெக்டேருக்கு மேல இருக்கிற பண்ணை கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு வெச்சிருக்கணும்னு விதி இருக்கு. ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வெச்சிருக்கிறவங்க தனித்தனியா அந்த வரம்புக்குள்ள வர்றதில்ல. ஆனா அவங்க எல்லாரும் சேர்ந்தா ஒரு பெரிய பண்ணை.

இதை எழுதும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இந்தக் கடற்கரையில் இறால் பண்ணை என்றாலே நெல் வயல்காரங்களுக்கும் கூலி ஆட்களுக்கும் ஒரு கசப்பு உண்டு. வயலும் குடிதண்ணியும் உப்பாச்சு, நடவு வேலை போச்சுன்னு சொன்னாங்க. காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிரான அந்தத் தீர்ப்பைக் கொடுத்தது. அதன் பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. எங்க தாத்தா இன்னிக்கும் குட்டைப் பக்கம் வர மாட்டார். "நெல்லு வெளஞ்ச பூமிடா இது" என்று சித்தப்பாகிட்ட ஒரே வரிதான் சொல்வார்.

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் சொல்ல வர்றது, நோயும் இந்தக் கசப்பும் வேற வேற விஷயம் இல்லை என்பதைத்தான். நோய் வந்தா குட்டைத் தண்ணியை அவசரமா வெளியே விடுறாங்க. மருந்து கலந்த தண்ணியும், மருந்துக்குப் பழகிப்போன பாக்டீரியாவும் சேர்ந்து வாய்க்காலுக்குப் போகுது. குடல் நல்லா இருந்தா தண்ணி மாத்துற அவசியம் குறையும். தண்ணி மாத்துறது குறைஞ்சா பக்கத்து வயலுக்கும் நிம்மதி.

மருந்து எச்சத்துக்கு விலையும் உண்டு. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. 2016-ல் ஐரோப்பிய யூனியன், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால், மீன் சரக்கில் சோதனை செய்யும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமா ஏத்தினது இந்த எச்சங்களுக்காகத்தான். 2023-24-ல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் 7 லட்சம் டன்னுக்கும் மேல். பேர் ஒட்டாத ஒரு டப்பா இந்தக் கடற்கரையில் எத்தனை பேர் சோத்துல மண்ணைப் போடும்னு பாருங்க.

சரி, நாம என்ன பண்ணலாம்?

ஒரு நம்பிக்கையை முதல்ல உடைக்கணும். "எஸ்.பி.எஃப். குஞ்சுதான் விட்டேன், எனக்கு ஏன் நோய்?" என்பது பண்ணைக்காரங்க புலம்பல். 2009-ல் வனாமி நம்ம நாட்டுக்கு வர அனுமதி கிடைச்சதிலிருந்து, வெளிநாட்டுத் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் இருக்கிற தனிமைப்படுத்தும் நிலையம் வழியாத்தான் வருது. எஸ்.பி.எஃப். என்றால் பட்டியலில் இருக்கிற குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் தாயிடம் இல்லை என்று மட்டும் அர்த்தம். குஞ்சு இனி எதையும் வாங்கிக்காது என்ற உத்தரவாதம் இல்லை.

அடுத்தது, நம்ம கைக்கு எட்டுற வேலை. பண்ணைகளுக்குப் பக்கத்து லேப்கள்ல விப்ரியோ பார்க்க டி.சி.பி.எஸ். என்ற ஊடகத் தட்டு பயன்படுத்துறாங்க. தண்ணியையோ அரைச்ச குடலையோ தட்டுல தடவி ஒரு நாள் வெச்சா மஞ்சள் புள்ளியும் பச்சைப் புள்ளியும் வரும். சர்க்கரையைப் புளிக்க வைக்கிற விப்ரியோ மஞ்சள், வைக்காதது பச்சை. "பச்சை கூடிடுச்சு"ன்னு ஃபோன் வந்தா பண்ணைக்காரங்களுக்குத் தூக்கம் போச்சு. ஆனா நிறம் மட்டும் வெச்சு ஆபத்தைச் சொல்ல முடியாது. இறாலை இளம் வயதிலேயே கொல்லும் நோய்க்குக் காரணமான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், ஒரு பிளாஸ்மிட்டில் இருக்கும் ரெண்டு நச்சு ஜீன்களால்தான் அப்படி ஆகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு 2013-ல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது. அந்த ஜீன் இல்லாத பச்சையும் உண்டு. அதைப் பிரிச்சுச் சொல்ல பி.சி.ஆர். வேணும்.

அதனால என் யோசனை மூணு.

முதலாவது, அடுத்த ப்ராஜெக்ட்டை ஆக்சிஜன் சென்சாரோட நிறுத்தாதீங்க. தட்டுல இருக்கிற மஞ்சள், பச்சைப் புள்ளிகளை மொபைல் கேமராவால எண்ணி, தேதியோட பதியுற ஒரு சாதனம் பண்ணலாம். இமேஜ் ப்ராசஸிங் பேப்பர்ல நாம படிச்சதே இதுக்குப் போதும். ஒரு தடவை எண்ணினது பெரிசா ஒண்ணும் சொல்லாது. ஒரே குட்டையில, வாரா வாரம், தண்ணியிலும் குடலிலும் எண்ணினா ஏறுதா இறங்குதான்னு தெரியும். வெள்ளை நூல் மிதக்கிறதுக்கு முன்னாடியே தெரிய வாய்ப்பு இருக்கு. தவிடு, வெல்லம் கரைசல் ஊத்தினதுக்கு முன்னும் பின்னும் எண்ணினா அது வேலை செய்யுதான்னும் தெரியும். பாக்கெட்டுக்கும் இதே பரீட்சை வைக்கலாம்.

ரெண்டாவது, தனித்தனியா வேண்டாம். ஒரு வாய்க்காலில் தண்ணி எடுக்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவேடு. யார் குட்டையில் ஏறுதோ அவர் தண்ணியைத் திறக்கிறதுக்கு முன்னாடி மத்தவங்களுக்குச் சொல்லணும். இது டெக்னாலஜி பிரச்சினை இல்லை, நம்பிக்கைப் பிரச்சினை. நோய் வந்தா வெளியே சொன்னா விலை விழும்னு எல்லாரும் மறைக்கிறாங்க. சித்தப்பாவும் மறைச்சார். அந்த ஒரு வாரத்துல கீழே இருந்த ரெண்டு குட்டைக்கும் வெள்ளை நூல் வந்தது. இவர் தண்ணியாலதான்னு நிரூபிக்க முடியாது. ஆனா அதுக்கப்புறம் அவர் அந்த ரெண்டு பேரோட டீக்கடையில சேர்ந்து உட்காரலை.

மூணாவது, தெரியாததுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட போகணும். நாகப்பட்டினத்துலயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு, 2012-ல் ஆரம்பிச்சது. சென்னையில 1987-லிருந்து சி.பா. என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் இருக்கு. நாம அவங்களுக்குச் சாதனம் செய்து தரலாம், உயிரியலை அவங்க நமக்குச் சொல்லித் தரணும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் மனுஷனுக்கும் வயித்துப்போக்கு வரவைக்கும். டி.சி.பி.எஸ். ஊடகத்தைத் தயாரிக்க ஆட்டோக்ளேவ் வேண்டாம், கொதிக்க வெச்சா போதும் என்பது உண்மை. அதுக்காக ஹாஸ்டல் ரூம்ல தட்டு வெச்சு விளையாடாதீங்க. வளர்ந்த தட்டை முறையா அழிக்க லேப் வேணும், மேடம் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்.

"எல்லாத்தையும் சென்சார் வெச்சுத் தீர்க்க முடியுமா"ன்னு சிலர் கேட்பாங்க. முடியாது. லீஸ் தொகை, தீவனக் கடன், ஏற்றுமதி விலை எதையும் என் சாதனம் மாத்தாது. கடன்ல இருக்கிறவர் பேரில்லாத டப்பாவை வாங்குறது அறியாமையால மட்டும் இல்லை, பயத்தாலதான். ஆனா கையில் ஒரு எண் இருந்தா கடைக்காரர்கிட்ட "இது விப்ரியோவே இல்லை, எனக்கு இந்த மருந்து வேண்டாம்"னு சொல்ல ஒரு தைரியம் வரும். அந்த ஒரு பட்டத்துல சித்தப்பாவுக்கு இல்லாம போனது அதுதான்.

இந்த செமஸ்டர்ல எங்க டீம் புள்ளி எண்ணுற கருவியோட முதல் வடிவத்தை ஆரம்பிச்சிருக்கோம். இப்போதைக்கு ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு புள்ளியை ஒண்ணா எண்ணுது, வெளிச்சம் மாறினா பச்சையை மஞ்சள்னு சொல்லுது. பயோடெக் துறையில யாராவது சேர விருப்பம் இருந்தா சொல்லுங்க, எங்களுக்கு ஆள் வேணும். ஆரம்பிச்சதைச் சித்தப்பாவுக்கு ஃபோன்ல சொன்னேன். "வர்ற பட்டத்துக்குள்ள முடிச்சுருவியா?" என்று மட்டும் கேட்டார். தை மாசம் குஞ்சு விடப் போறாராம்.

— மூன்றாம் ஆண்டு மாணவி, இ.சி.இ.